காவல் மரத்தில் கட்டிய யானை

(கோவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சங்கப் பாடல்களில் கொடை என்ற பொருளில் பேச அழைத்தார்கள். கொடுத்தவர்களைப் பற்றிப் பேச ஆள் நிறைய உண்டு. கொல்லிமலை ஓரி, தகடூர் அதியமான், முதிரமலைக் குமணன் என்று நம் பக்கத்துப் பெயர்களே ஒரு மாலைப் பொழுதுக்குப் போதும். நான் வாங்கியவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பரிசில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர் அதை என்ன செய்தார்? வைத்துக்கொண்டாரா, இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்தாரா? கொடுத்திருந்தால் அது முறையா?

இந்தக் கேள்வி ஏட்டில் இருப்பதைவிட அதிகமாக நம் வீட்டு அட்டாலியில் இருக்கிறது. கோவையிலோ கோபியிலோ பொள்ளாச்சியிலோ கல்யாணமாகிப் பத்து வருசம் ஆன ஒரு வீட்டில் அட்டாலிச் சாமானைக் கீழே இறக்கிப் பாருங்கள். அட்டை பிரிக்காத டின்னர் செட், ஒன்றுபோல மூன்று சுவர்க் கடிகாரம், ஹாட் பாக்ஸ், கண்ணாடிக்குள் ராதையும் கிருஷ்ணனும், பாலித்தீன் உறை கழற்றாத குத்துவிளக்கு, நாலைந்து எவர்சில்வர் போசி, ஒரு பெரிய குண்டா. அந்தக் குண்டாவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக எழுத்துத் தெரியும். முன்னெழுத்து, பெயர், ஊர், முகூர்த்தத் தேதி. பாத்திரக் கடையில் சின்ன மெஷினைப் பேனா போலப் பிடித்து வெட்டிய எழுத்து. ‘பேர் வெட்டோணுங்களா?’ என்று கடைக்காரர் கேட்டபோது வாங்கியவர் ஒரு கணம் யோசித்திருப்பார். வெட்டினால் ஏனம் அந்த வீட்டிலேயே கிடக்கும். வெட்டாவிட்டால் அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பிவிடும். சில ஏனங்களில் பெயர் இருந்த இடத்தைப் பாலீஷ் போட்டு உரசியிருப்பார்கள். மற்ற இடமெல்லாம் மங்கியிருக்க, அந்த இரண்டு விரற்கடை மட்டும் கண்ணாடியாக மின்னும். அந்தப் பளபளப்பு நமக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு வசவு உண்டு. ‘வந்ததத் தூக்கிக் குடுத்துட்டாங்க.’ பொம்பளைகள் மண்டபத்து வாசலில் நின்று தணிந்த குரலில் சொல்வது. வாங்கியவர் மனசு சுண்டிப்போக இந்த மூன்று வார்த்தை போதும். ஆனாலும் வந்ததைக் கொடுக்காத வீடு ஒன்றுகூட நம்மிடையே இல்லை. எல்லோரும் செய்கிற காரியத்தை எல்லோரும் ஒளித்துச் செய்கிறோம். ஆகவேதான் இதைச் சபையில் எடுத்துப் பேசலாம் என்று நினைத்தேன். அதற்கு எனக்குத் துணையாக வருபவர் பெருஞ்சித்திரனார்.

அவர் யார் என்று இளைய மாணவர்களுக்காகச் சொல்கிறேன். உ.வே. சாமிநாதையர் 1894இல் அச்சிட்டுக் கொடுத்த புறநானூற்றில் குமணனைப் பாடிய புலவர்களில் முதன்மையானவர். அவருடைய வறுமை சாதாரண வறுமை இல்லை. சாவு வரவில்லையே என்று நொந்துகொள்ளும் வயதான தாய் வீட்டில். உப்பில்லாமல் கீரை வேகவைத்து உண்ணும் மனைவி. வெறும் பானையைத் திறந்து பார்த்து அழும் பிள்ளை. அந்தப் பிள்ளையை அடக்கப் புலி வருகிறது என்று பயம் காட்டி, நிலாவைக் காட்டிப் பராக்குக் காட்டுகிறாள் தாய். இவற்றை 159, 160ஆம் பாடல்களில் அவரே சொல்கிறார். இப்படிப்பட்டவர் பரிசு என்று வந்த மூன்று சமயங்களில் என்ன செய்தார் என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

முதல் சமயம், தகடூர். இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியைத் தேடி மலையும் காடும் கடந்து போகிறார். அதியமானுக்கு என்ன வேலையோ, புலவரைப் பார்க்கவில்லை. இதை வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள் என்று பரிசிலை மட்டும் அனுப்பிவிட்டான். பெருஞ்சித்திரனார் வாங்கவில்லை. காணாமல் கொடுத்த பொருளைக் கொண்டுபோக நான் வியாபாரி இல்லை, என்னைக் கண்டு, என் தகுதி அறிந்து, தினையளவு கொடுத்தாலும் எனக்கு இனிது என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார். 208ஆம் பாடல். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதே அதியமானிடம்தான் இதைச் சொன்னார். வீட்டில் வெறும் பானை காத்திருக்கும்போது இதைச் சொன்னார்.

இரண்டாவது சமயம், முதிரமலை. உடுமலைப்பேட்டைப் பக்கத்து மலைத்தொடர்தான் அது என்று கொள்கிற அறிஞர்கள் உண்டு. நாமும் குமணனை நம்மூர் ஆளாகவே கொண்டாடுகிறோம். குமணன் அள்ளிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த புலவர் மனைவியிடம் சொல்கிறார்: உன்னை விரும்புகிறவர்களுக்குக் கொடு, நீ விரும்புகிறவர்களுக்குக் கொடு, சுற்றத்தில் மூத்த பெண்களுக்குக் கொடு, நம் பசிக்குக் குறியெதிர்ப்பாக, அதாவது அதே அளவு திருப்பித் தரும் கடனாக, ஏதாவது தந்து உதவியவர்களுக்குக் கொடு. இன்னாருக்கு என்று பார்க்காதே. என்னைக் கேட்காதே. வைத்திருந்து வாழலாம் என்று எண்ணாதே. இது குமணன் தந்த வளம், எல்லோருக்கும் கொடு. 163ஆம் பாடல்.

பரிசாக வந்ததை அடுத்தவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான விடையைத் தமிழில் நான் கண்டதில்லை. அதிலும் இரண்டு விஷயங்களை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். கொடுக்கும் உரிமையை அவர் மனைவிக்கே கொடுத்துவிட்டார், என்னைக் கேட்க வேண்டாம் என்கிறார். அடுத்தது, கொடுத்தவன் பெயரை மறைக்கவில்லை. குமணன் தந்தது என்று சொல்லியே கொடுக்கச் சொல்கிறார். பெயர் வெட்டிய இடத்தை அவர் உரசவில்லை.

மூன்றாவது சமயம் மற்ற இரண்டையும்விட எனக்குப் பிடித்தது. வெளிமான் என்ற தலைவன் இறந்தபின் அவன் தம்பி இளவெளிமான் கொஞ்சமாகக் கொடுத்தான். புலவர் அதைத் தொடாமல் குமணனிடம் போனார். குமணன் யானையே கொடுத்தான். அந்த யானையை ஓட்டிக்கொண்டு வந்து இளவெளிமான் ஊர்க் காவல் மரத்தில் கட்டிவிட்டு அவனிடம் சொன்னார்: இரப்பவர்களுக்குக் கொடுப்பவன் நீ ஒருவன் மட்டும் இல்லை. இரப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இதோ உன் காவல் மரத்தில் நிற்கிறதே யானை, இது நான் உனக்குத் தரும் பரிசில், போய் வருகிறேன். 162ஆம் பாடல்.

வந்ததைத் தூக்கிக் கொடுத்ததில் இதைவிடப் பெரியது உலக இலக்கியத்தில் இருக்குமா, தெரியவில்லை. ஆனால் இங்கே கொடுத்தது அன்புக்காக இல்லை. உறைக்க வைப்பதற்காக. அதே குமணனின் பொருள், அதே புலவரின் கை. ஒன்று ஊரார் பசியை ஆற்றியது, இன்னொன்று ஒரு தலைவனைத் தலைகுனிய வைத்தது. ஆகவே கைமாறிய பொருள் என்பதால் அது நல்லதும் ஆகாது, கெட்டதும் ஆகாது. யார் முகத்தைப் பார்த்துக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

இனி நம் காலத்துக்கு வருவோம். மொய்யை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டப வாசலில் மேஜை போட்டு, நோட்டில் பெயரும் ஊரும் எழுதி வாங்குகிற பணம் யாருடையது? போன தையில் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் வைத்தது இந்த வைகாசியில் என் வீட்டுக்கு வருகிறது. அதையே நான் அடுத்த முகூர்த்தத்துக்கு இன்னொரு வீட்டில் வைக்கிறேன். ஒரு முகம்கூடச் சுளிப்பதில்லை. புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு ஊர்களில் ஆடி ஆவணியில் இதற்கென்றே மொய் விருந்து வைக்கிறார்கள். கறிச்சோறு போட்டு மொய் வாங்கி, அதை வைத்துக் கிணறு வெட்டுகிறவர்களும் தொழில் தொடங்குகிறவர்களும் உண்டு. ரூபாய் நோட்டு கைமாறினால் அது செய்முறை, போசி கைமாறினால் அவமானம் என்பது நாமே வைத்துக்கொண்ட வித்தியாசம்.

பொருளிலும்கூட எல்லாவற்றுக்கும் அவமானம் இல்லை. வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துத் தருகிற ஜாக்கெட் பிட் எத்தனை வீடு சுற்றுகிறது என்பது இந்த அரங்கில் உள்ள பெண்கள் எல்லோருக்கும் தெரியும். ஐப்பசியில் வந்தது தையில் போகும். தைக்கிற அளவுக்கு நீளமும் இருக்காது, சேலைக்குப் பொருந்துகிற நிறமும் இருக்காது. ஆனால் வீட்டுக்கு வந்த சுமங்கலியை வெறுங்கையோடு அனுப்பவில்லை என்பதற்கு அந்தத் துணி ஒரு சாட்சி. அது போய்க்கொண்டே இருக்கவேண்டிய துணி. பப்புவா நியூகினியாவின் கிழக்குப் பகுதியில் உள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் சங்கு வளையும் சிப்பி மாலையும் இப்படித்தான் தீவுக்குத் தீவு போகின்றன. மாலை ஒரு சுற்று, வளை எதிர்ச்சுற்று. மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1922இல் எழுதிய நூலில் விரிவாகச் சொல்கிறார். அங்கே வந்த மாலையை நெடுநாள் வீட்டில் வைத்துக்கொள்பவனைத்தான் கருமி என்று பேசுவார்கள். நம் ஜாக்கெட் பிட்டும் அந்த இனம். அதைப் பற்றி யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

மேடையில் போர்த்துகிற பொன்னாடையும் அப்படித்தான். ஒருவர் தோளிலிருந்து இறங்கி இன்னொருவர் தோளில் ஏறுவது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஈரோட்டில் பிறந்த பெரியார் அன்றைக்கே மாலை வேண்டாம், அதற்கான காசைக் கொடுங்கள் என்று மேடையில் கேட்டு வாங்கி இயக்கத்தில் சேர்த்தார். மு.க. ஸ்டாலின் பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று கட்சிக்காரர்களைக் கேட்டுக்கொண்டார். அப்படி வந்தவை நூலகங்களுக்குப் போயின. பிரதமருக்கு வந்த நினைவுப் பரிசுகளை 2019 முதல் இணைய ஏலத்தில் விட்டு, அந்தப் பணத்தைக் கங்கையைத் தூய்மை செய்யும் திட்டத்துக்குக் கொடுக்கிறார்கள். இவை எல்லாம் நான்கு பேர் அறிய நடப்பவை. கொடுப்பவருக்கும் முன்பே தெரியும். தெரிந்தே கொடுப்பதால் மனக்குறை வருவதில்லை.

இப்போது மனக்குறை வருகிற இடத்துக்கு வருகிறேன். தீபாவளி. அலுவலகத்துக்கு வருகிற இனிப்புப் பெட்டிகளும் பாதாம் முந்திரி டப்பாக்களும் ஒரு வாரத்துக்குக் கோவை நகரத்தையே சுற்றி வருகின்றன. வங்கி மேலாளருக்கு வந்தது அவர் சம்பந்தி வீட்டுக்கு, அங்கிருந்து ஆடிட்டருக்கு. கடைசியில் அது யாரிடம் போய்ச் சேருகிறது? பெரும்பாலும் வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவிடம், வாட்ச்மேனிடம், தறிக்குப் பாவு போட வருகிறவரிடம். அதற்குள் மைசூர்பாவில் நெய் வாடை மாறியிருக்கும். உடைந்துபோகாத கடிகாரம் சம்பந்திக்கு, மூடி பொருந்தாத ஹாட் பாக்ஸ் வேலைக்காரிக்கு என்று நாம் தரம் பிரித்து வைத்திருக்கிறோம். மில்லிலும் பனியன் கம்பெனியிலும் வேலை செய்கிறவருக்குச் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் உண்டு, கேட்டு வாங்கலாம். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்கு அந்தச் சட்டமும் இல்லை. நாம் கொடுப்பதுதான். அவருக்குத் தரவேண்டிய ஒரு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக நமக்கு வேண்டாத சாமானைக் கொடுத்து, கொடுத்துவிட்டதாகக் கணக்கு வைத்தால் அது அநியாயம். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதியமான் செய்ததாவது பரிசிலைக் காணாமல் அனுப்பிய பிழை. நாம் அந்த அம்மாவைத் தினம் காலையில் கண்ணால் பார்த்துக்கொண்டே காணாமல் கொடுக்கிறோம்.

வேண்டாததை வேண்டியவருக்குக் கொடுப்பது வேறு. பொங்கலுக்கு ரேஷனில் தருகிற வேட்டி சேலை 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கியது. அதில் பெரும்பங்கு நம் ஈரோட்டுப் பக்கத்து விசைத்தறிகளில் ஓடுகிற துணி. தனக்கு வேண்டாம் என்று அதைத் தெருக்கோடியில் இருக்கும் பாட்டிக்குக் கொடுக்கிற பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். ‘நீங்க கட்டுவீங்களா ஆத்தா? கட்டறதா இருந்தாக் குடுக்கறேன்’ என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார். கேட்டாரே, அது போதும்.

அடுத்து இன்னும் கசப்பான ஒன்று. நம் பக்கத்தில் தாய்மாமன் சீருக்கு இருக்கிற மதிப்பு உங்களுக்குத் தெரியும். தெரட்டிச் சீர், இணைச்சீர், எழுதிங்கள் என்று ஒரு பெண்ணின் வாழ்நாள் நெடுகப் பிறந்த வீட்டுச் சீர் தொடர்ந்து வரும். கல்யாணத்துக்கு வரிசைத் தட்டோடு வந்த பித்தளை அண்டா, வெள்ளிக் குத்துவிளக்கு, கிரைண்டர் எல்லாம் அவளுடையவை. ஆனால் பல வீடுகளில் என்ன நடக்கிறது? புதுப்பெண் மறுவீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் அதில் இரண்டு விளக்கு நாத்தனார் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போய்விடுகிறது. ‘சும்மாதானே கெடக்குது’ என்பார்கள். பெண் ஒன்றும் சொல்லாமல் நிற்பாள். அந்த விளக்கை வாங்க அவள் மாமன் மஞ்சள் விற்ற பணத்தில் எவ்வளவு எடுத்து வைத்தார் என்பது அவளுக்குத் தெரியும்.

இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 122ஆம் பிரிவின்படி, மனமுவந்து கைம்மாறு இல்லாமல் கொடுத்து, பெறுபவர் ஏற்றுக்கொண்டால் தானம் நிறைவேறிவிட்டது. அப்புறம் அது பெற்றவருடையது. அவர் வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், கொடுக்கலாம். கல்யாணத்தில் பெண்ணுக்கு வந்தவை அவளுடைய சீதனம், கணவர் வீட்டார் அதைப் பாதுகாப்பவர் மட்டுமே என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வந்த பரிசுகளைப் பட்டியல் எழுதி வைக்க வேண்டும் என்ற விதியும் அதே 1985இல்தான் வந்தது. அந்தப் பட்டியலை எழுதிய வீட்டை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். மொய் நோட்டைப் பத்திரமாகப் பீரோவில் வைக்கிற நாம், பெண்ணின் பொருளுக்கு ஒரு தாள் எழுதுவதில்லை. மருமகளின் விளக்கை மாமியார் கொடுப்பது கொடையில் சேராது. பெருஞ்சித்திரனார் தன் புலமைக்கு வந்த பரிசையே மனைவியிடம் ஒப்படைத்து, என்னைக் கேட்க வேண்டாம் என்றார். அவள் பொருளை எடுக்க அவளைக் கேட்காமல் இருப்பதற்கு நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

அட்டாலிச் சாமான் ஏன் இப்படிப் பெருகியது என்றும் கேட்க வேண்டும். திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையத்தில் தலைமுறை தலைமுறையாகப் பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரம் செய்கிறார்கள். ஒரு காலத்தில் ஒரு வீட்டுக்குப் பித்தளைக் குடம் வாங்கினால், அந்த வீட்டில் எத்தனை பேர், தண்ணீர் எவ்வளவு தூரத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று பார்த்து வாங்கினார்கள். தட்டி உருவான அந்தக் குடம் பேத்தி காலம்வரை புழங்கியது. இன்று முகூர்த்தத்துக்குப் போகிற வழியில் காரை நிறுத்தி, ஐந்நூறுக்கு ஏதாவது கட்டிக் கொடுங்கள் என்கிறோம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கொடுக்கிற நமக்கே தெரியாது. வேண்டாத பரிசு வாங்கியவர் வீட்டில் உண்டாவதில்லை, கடை வாசலில் அந்த இரண்டு நிமிடத்தில் உண்டாகிறது. அப்புறம் அது பத்து வீடு சுற்றுகிறது என்றால், பத்துப் பேரும் முகம் பார்க்காமல் கொடுக்கிறோம் என்று பொருள்.

முகம் பார்த்துக் கொடுத்த செல்வம் எப்படிப் பெருகும் என்பதற்கு இந்த ஊரிலேயே சான்று இருக்கிறது. பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மக்கள், தந்தை வழி வந்த சொத்தை நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறத்துக்கு வைத்தார்கள். 1926இல் அது அறநிலையம் ஆயிற்று. இன்று அங்கிருந்து வெளிவரும் மருத்துவரையும் பொறியாளரையும் பார்க்கிறோம். தந்தை தந்ததைத் தாங்களே வைத்துக்கொள்ளாமல் கைமாற்றிக் கொடுத்ததுதான் அதுவும்.

கைமாற்றக் கூடாதவையும் உண்டு. ஒருவர் தன் கையால் செய்து தந்தது, இறந்துபோனவர் கடைசியாகத் தந்தது, தன் நிலைக்கு மீறிக் கடன்பட்டு ஒருவர் தந்தது. இவற்றுக்கு விதி எழுத வேண்டியதில்லை, மனசுக்குத் தெரியும். அவை அட்டாலியில் கிடந்தாலும் கிடக்கட்டும்.

கடைசியாக, மாணவிகள் சிலர் நேற்றே என்னிடம் கேட்ட கேள்வி. கொடுத்துவிட்டோம், பிறகு தந்தவரே வீட்டுக்கு வந்து அது எங்கே என்று கேட்டால்? நம்மில் பெரும்பாலோர் ‘மேல அட்டாலில இருக்குதுங்க’ என்று சொல்லிச் சமாளிக்கிறோம். நான் உண்மையைச் சொல்லச் சொல்வேன். ‘அத்தை, நாங்க ரெண்டே பேருங்க, எங்களுக்கு அந்தக் குண்டா பெருசுங்க. மாடில குடியிருக்கற பசங்க நாலு பேரு ஒண்ணாச் சமைக்கறாங்க, ஏனமே இல்லாம இருந்தாங்க, அவங்களுக்குக் குடுத்துட்டனுங்க’ என்று சொல்லுங்கள். அத்தைக்கு முகம் கொஞ்சம் வாடலாம். ‘பேரு வெட்டியிருந்ததே கண்ணு?’ என்று கேட்பார். ‘பேரோடதானுங்க குடுத்தேன். யாருங்கக்கா இவங்கன்னு பசங்க கேட்டாங்க, எங்க அத்தைன்னு சொன்னனுங்க’ என்று சொல்ல முடிந்தால் நீங்கள் கொடுத்தது சரி. அப்படிச் சொல்ல முடியாத இடத்தில் கொடுக்காதீர்கள்.